பழைய ரைஃபிளுக்குப் புதிய மரக்கட்டை: முதன்முறை செய்பவருக்கு

எட்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பதினான்கு மாதங்கள் ஆயின. அதில் ஒரு மரத்துண்டு முழுதாக வீணானது. இரண்டாவதிலும் ஒரு விரிசலை ஒட்டித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. நான் தடுமாறிய இடங்களை வரிசைப்படி எழுதிவைக்கிறேன். நீங்களாவது ஒரே மரத்துண்டில் முடியுங்கள்.

என்னிடம் இருப்பது 1853 என்ஃபீல்டு மாதிரி ரைஃபிள். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டிப்பது. 39 அங்குலக் குழல், அதை மரத்தோடு சேர்த்துப் பிடிக்க மூன்று பட்டைகள். வேறு மாதிரி வைத்திருப்பவர்களுக்கு அளவுகள் மாறும், வேலையின் வரிசை பெரிதாக மாறாது. சொற்களை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். குழலின் பின்முனையிலிருந்து நீளும் இரும்பு நாக்கை ‘வால்’ என்கிறேன். சுடும்போது சுத்திபோல் விழுந்து அடிப்பது ‘குதிரை’. குதிரை, வில், கொக்கி எல்லாம் பொருந்திய பக்கத் தகடு ‘பூட்டு’. விரல் இழுப்பது ‘விசை’. கை பிடிக்கும் ஒல்லியான பகுதி ‘கழுத்து’.

1. கெட்டித்திருக்கிறதா என்று பாருங்கள்

சுவரில் ஐம்பது ஆண்டு தொங்கிய துப்பாக்கிதானே என்று நினைக்காதீர்கள். வாய்வழி கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் பல, மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்போதே கைமாறியிருக்கின்றன. கறுப்பு மருந்து உலர்ந்திருந்தால், எத்தனை வயதானாலும் எரியும்.

சோதனை எளிது. கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே கோலில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல் வாயோடு பொருந்தும்படி குழலின் மேலேயே வைத்துப் பாருங்கள். கோலின் நுனி, குழலின் பின்முனையில் குதிரை அடிக்கும் முளை அருகே வரை வர வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். அதைச் சூடாக்கவோ, துளையிடவோ, குத்தி எடுக்கவோ முயல வேண்டாம். துப்பாக்கித் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

2. காகிதங்களை முடித்துவிட்டு உளியைத் தொடுங்கள்

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பாதி வேலையில் ஒரு கடிதத்துக்காக ஏழு வாரம் காத்திருந்தேன்.

‘பழங்காலத் துப்பாக்கி’ என்பதன் வரையறை நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டது என்பது எல்லை. பிரிட்டனில் 2021-இல் வந்த விதிகள் 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்யப்பட்டது என்பதோடு, என்ன தோட்டா, எப்படிப் பற்றவைப்பது என்பதையும் பார்க்கின்றன. அங்கே அழகுப் பொருளாக வைத்திருக்கும்வரை ஒரு நிலை, சுட விரும்பினால் வேறு நிலை. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடமுடியாத பழம்பொருளுக்குத்தான். அதாவது, ஒரே ரைஃபிள் ஓரிடத்தில் அலங்காரப் பொருள், இன்னோரிடத்தில் உரிமம் தேவைப்படும் ஆயுதம்.

எனவே உரிமம் வழங்கும் அலுவலகத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இந்தத் துப்பாக்கி எந்த வகையில் அடங்கும்? மரக்கட்டையை மாற்றுவது பதிவு செய்ய வேண்டிய மாற்றமா? உரிமம் இல்லாத ஒருவரிடம் குழலையோ பூட்டையோ வேலைக்காக ஒப்படைக்கலாமா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கடைசல் பட்டறைக்குக் குழலை எடுத்துப் போகும்போதுதான் அது நினைவுக்கு வரும். தொலைபேசியில் கிடைத்த பதிலை நம்பி இறங்க வேண்டாம். எழுத்தில் வந்த பதிலைத் துப்பாக்கியின் மற்ற தாள்களோடு சேர்த்து வையுங்கள்.

மரத்துக்கும் காகிதம் உண்டு. ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா இனங்கள், இன்னும் கடுமையான முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ஈட்டி மரம் நீங்கலாக, 2017 ஜனவரி 2 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஆசைப்பட்டு அந்த மரத்தை நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோனால் அனுமதிச் சீட்டு கேட்கக்கூடும். பழைய ராணுவ ரைஃபிள்களில் பெரும்பாலும் இருந்த வால்நட் (அக்ரூட்) மரத்தில் இந்தச் சிக்கல் இல்லை என்றாலும், வெளிநாட்டிலிருந்து மரத்துண்டு வரவழைத்தால் தாவர நலச் சான்றிதழ் தேவைப்படலாம். விற்பவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். முத்திரைகள், எண்கள், பழைய கட்டையில் உள்ள சின்னங்கள், ஒவ்வொரு திருகாணியின் தலை, எதையும் விடாதீர்கள்.

3. புதுக்கட்டை உண்மையிலேயே வேண்டுமா?

பழைய கட்டையில் விரிசல் மட்டும்தான் என்றால் ஒட்டுங்கள். அசல் கட்டையோடு இருக்கும் துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்களிடம் உள்ள மதிப்பு, எவ்வளவு அழகான புதுக்கட்டைக்கும் வராது. என்னுடையது கழுத்தருகே கறுத்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. அதற்குக் காரணம் பின்னால் தெரிந்தது, கடைசியில் சொல்கிறேன். எப்படியானாலும் பழைய கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அளவெடுக்க அதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

செலவைப் பற்றி ஒரு சொல். என் செலவில் ஏறக்குறைய பாதி இரண்டு மரத்துண்டுகளுக்கே போயிற்று. மீதியில் பெரும்பங்கு நல்ல உளிகளுக்கும் திருப்புளிகளுக்கும். எண்ணெய், உப்புத்தாள், ஒட்டுப்பசை எல்லாம் சில்லறை. உளியில் மிச்சம் பிடித்தவர் மரத்தில் இழப்பார். பாதி செதுக்கிய கட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. அவை வேலையைப் பாதியாக்கும் என்பது விளம்பரம். இயந்திரம் வெட்டிய காடி (குழல் உட்காரும் பள்ளம்) உங்கள் குழலைவிட ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருந்துவிட்டால் அந்த இடைவெளி காலத்துக்கும் கண்ணை உறுத்தும். வாங்குவதானால், ‘எந்தத் துப்பாக்கியை வைத்து அளந்தீர்கள், அசலா நகலா’ என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

4. மரம்: எடை பார்த்துக் காத்திருங்கள்

என் முதல் துண்டு வீணானது இங்கேதான். ‘நன்றாக உலர்ந்தது’ என்று சொல்லித்தான் விற்றார்கள். நானும் நம்பி, வந்த வாரமே குழலுக்குக் காடி வெட்டினேன். குழல் கச்சிதமாக உட்கார்ந்தது; பெருமையாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் முன்பகுதி வில்லாக வளைந்து, குழல் உள்ளேயே இறங்க மறுத்தது.

ஒரு அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு காற்றில் உலர வேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. இரண்டரை அங்குலத் துண்டு எத்தனை ஆண்டு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்ததாகச் சொல்லி விற்றாலும், வாங்கியவுடன் எடை போட்டு மரத்தின் மேலேயே தேதியோடு எழுதுங்கள். வேலை செய்யப்போகும் அறையிலேயே வைத்து வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தொடர்ந்து நான்கைந்து வாரம் எடை அசையவில்லை என்றால் மரம் அந்த அறையின் ஈரத்தோடு சமாதானமாகிவிட்டது. ஈரமானி இருந்தால் நல்லது. 6 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். வெட்டுமுனைகள் இரண்டிலும் மெழுகோ அரக்கோ பூசிவையுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்துதான் வெடிக்கும்.

அடுத்தது ரேகை. பளபளப்பான சுழிகளும் அலைகளும் தோளில் படும் பகுதியில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். கழுத்தில் மட்டும் ரேகை கழுத்தின் போக்கிலேயே ஓட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் ரேகை துலங்கும்; பழைய கட்டையை மேலே வைத்துக் கோடு வரைந்து, கழுத்துப் பகுதியில் ரேகை மேலே நுழைந்து கீழே வெளியேறுகிறதா என்று பாருங்கள். வெளியேறினால், அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும். அழகுக்காக இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிச்சு, வெண்மரம் (பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம்) இரண்டும் கழுத்திலும் பூட்டுப் பகுதியிலும் வேண்டாம்.

5. கழற்றுதல்

திருப்புளியின் நுனி ஆப்புபோல் சாய்வாக இல்லாமல், பக்கங்கள் இணையாக, திருகாணியின் வெட்டை முழுதாக நிரப்ப வேண்டும். நான் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு திருப்புளியைத் தேய்த்துத் தயார் செய்தேன். அதிகம்தான், ஆனால் ஒரு தலைகூடச் சிதையவில்லை. ஓர் அட்டையில் துப்பாக்கியின் படம் வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்திவையுங்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு திருகாணிகள் இடம் மாறினால் மரை கெடும்.

பூட்டை எடுக்கும்போது குதிரையை அரைநிலையில் (பாதி பின்னிழுத்து நிற்கும் நிலை) வைத்து, பக்கத் திருகாணிகளை முழுக்கக் கழற்றாமல் சில சுற்று தளர்த்தி, அவற்றின் தலையில் மெல்லத் தட்டினால் பூட்டு நேராக வெளியே வரும். விளிம்பில் நெம்பினால் மரம் சிம்பு சிம்பாகப் பெயரும்.

6. குழலுக்குக் காடி

இதுதான் வேலையின் பாதி. ஏறக்குறைய நான்கு மாத வார இறுதிகளை இது தின்றது.

குழல் முன்னோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். பத்து செ.மீ.க்கு ஓரிடம் விட்டத்தை அளந்து எழுதுங்கள். மரத்தின் மேற்பரப்பை இழைத்துச் சமமாக்கி, நடுக்கோடு ஒன்று கிழித்து, அதிலிருந்து இருபுறமும் அளவைக் குறியுங்கள். பிறகு அந்தக் கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே வெட்டுங்கள். கோடுவரை வெட்டலாம் என்று ஒரு நப்பாசை வரும். வெட்டாதீர்கள். காடியின் ஆழம் குழலின் பாதி விட்டம். குழலின் மிக அகலமான இடம் மரத்தின் விளிம்போடு நிற்க வேண்டும்.

கடைசி ஒரு மி.மீ.ஐ எடுப்பது உளி அல்ல, கரி. விளக்குப் புகையைக் குழலின் அடியில் மெல்லியதாகப் படியவிடலாம். அல்லது நீலநிற எண்ணெய் வண்ணத்தைப் பஞ்சால் தொட்டுப் பூசலாம். குழலை நேர்மேலிருந்து காடிக்குள் இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி, நேர்மேலாகவே தூக்குங்கள். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டியால் ஒரு வழி வழித்து எடுங்கள். மீண்டும் பூசுங்கள், இறக்குங்கள், தூக்குங்கள். முதலில் விளிம்பில் இரண்டு கீற்றாகக் கறை விழும். நாட்கள் போகப்போக அது உள்ளே இறங்கி, ஒருநாள் காடியின் அடிவரை புள்ளிபுள்ளியாகப் பரவியிருக்கும். அப்போதுதான் குழல் உட்கார்ந்துவிட்டது.

இரண்டு பொறிகள் இங்கே உண்டு. கரியைத் தடிப்பாகப் பூசினால் தொடாத இடத்திலும் கறை விழும். நீங்கள் நல்ல மரத்தைச் சுரண்டுவீர்கள். குழலை அசைத்து அசைத்து இறக்கினாலும் அதேதான், அதோடு காடியும் அகலும். அவசரத்தில் அண்டாவுக்குள் கை நுழையாது என்பார்களே, அதை அனுபவித்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். என் தவறுகள் எல்லாமே மூன்றாவது மணி நேரத்தில் நடந்தவை.

முகமூடி போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வால்நட் தூள் தும்மலும் அரிப்பும் தருவதால் எனக்கு நினைவூட்டல் தேவைப்படவில்லை.

7. வால்

சிறிய பகுதி, பெரிய ஆபத்து. சுடும்போது பின்னோக்கி வரும் உதையைக் குழலின் தடித்த பின்முகம்தான் மரத்தில் தாங்க வேண்டும். அந்த முகம் முழுதாக மரத்தைத் தொட வேண்டும்; கறை அங்கே சீராக விழுகிறதா என்று தனியாகப் பாருங்கள். வாலின் கடைசி நுனிக்குப் பின்னே மட்டும் தடித்த அட்டை ஒன்று நுழையும் அளவு, அரை மி.மீ. போல, இடைவெளி விடுங்கள். விடாவிட்டால் வால் ஆப்பாக மாறிக் கழுத்தைப் பிளக்கும்.

எனக்கு அதற்குச் சுடக்கூட வேண்டியிருக்கவில்லை. அழகாக இருக்கிறதே என்று இடைவெளியே இல்லாமல் வெட்டி, கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். நான்கு செ.மீ. நீளத்தில் முடிபோல ஒரு விரிசல். மெல்லிய எபாக்சிப் பசையை உள்ளே இழுக்கவிட்டு, இறுகக் கட்டி இரண்டு நாள் வைத்துக் காப்பாற்றினேன். தெரிந்தவர் கண்ணுக்கு இன்றும் தெரியும்.

8. பூட்டு

பூட்டு எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பழைய கட்டையின் அளவைவிட உங்கள் குழல்தான் சொல்லும். குதிரை விழும்போது அதன் குழிவு, முளையின் தலையில் சரியாக நடுவே கவிய வேண்டும். குழலை மரத்தில் வைத்து, பூட்டைப் பக்கத்தில் பிடித்து, குதிரையைக் கையால் மெல்ல இறக்கிப் பார்த்து, தகட்டின் ஓரத்தைக் கூரிய கத்தியால் கிழியுங்கள். பென்சில் கோடு தடிப்பு.

பூட்டை முழுதாக ஒரே மூச்சில் பதிக்க முயல வேண்டாம். உள்பாகங்களைக் கழற்றிவிட்டு வெறும் தகட்டைப் பதியுங்கள். அது குழலின் பக்கவாட்டில் ஒட்டி நிற்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கரி தடவி, தொடும் இடத்தை மட்டும் எடுங்கள். பெரிய வில்லை அதற்கென்று உள்ள கவ்வியால்தான் கழற்ற வேண்டும். இடுக்கியால் பிடித்தால் வில் முறியும், அல்லது பறந்து வந்து முகத்தில் அடிக்கும். அந்த வில் வளையும்போது மரத்தை எங்கும் உரசக் கூடாது. குதிரை சோம்பலாக விழுகிறது என்றால் வில்லைக் குறை சொல்வதற்கு முன் மரத்தில் பளபளப்பான உராய்வுத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதேசமயம், பெரிய குழியாகத் தோண்டிவிட்டால் கழுத்துக்கு முன்னே மரமே மிஞ்சாது.

9. விசை

விசைத் தகட்டைத் தேவைக்குமேல் ஆழமாகப் பதித்தால் விசை, குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். குதிரை அரைநிலையில் நிற்காமல் நழுவும். இந்தத் துப்பாக்கியில் இதைவிட ஆபத்தான பழுது வேறில்லை. விசையில் விரல் வைத்தால் கொக்கியைத் தொடும்முன் கொஞ்சம் வெற்று அசைவு இருக்க வேண்டும். ஆழமாகிவிட்டால் தகட்டுக்கு அடியில் மெல்லிய மரச்சீவலை ஒட்டி உயர்த்துங்கள். கொக்கியை அரத்தால் தேய்க்க வேண்டாம். சோதிக்கும்போதெல்லாம் முளையின் மேல் ஒரு தோல்துண்டு இருக்கட்டும்.

திருகாணித் துளைகளைக் கடைசியில் போடுங்கள். சின்ன அலகால், இருபுறத்திலிருந்தும் பாதிப்பாதியாக. வாலில் இருந்து இறங்கும் திருகாணி விசைத் தகட்டின் துளைக்கு நேராகப் போக வேண்டும். ஒரு பாகை சாய்ந்தாலும் மரை பிடிக்காது.

10. வெளி உருவம்

உலோகம் எல்லாம் உட்கார்ந்த பிறகே வெளிப்புறத்தைத் தொடுங்கள். அதுவரை மிகுதி மரம் ஒரு காவல். தோளில் படும் முனையை மூடும் அடித்தகட்டையும், விசையைச் சுற்றி வளைந்த விசைக் காப்பையும் பதித்தபின், மர அரத்தால் பழைய கட்டையின் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். உலோகத்தைவிட மரம் அரை மி.மீ. உயர்ந்திருக்கட்டும், அதை உப்புத்தாள் எடுத்துக்கொள்ளும். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் பூட்டைச் சுற்றியுள்ள கூர்மையான விளிம்புகள் கரைந்த சோப்புக் கட்டிபோல் ஆகிவிடும். முதன்முறை செய்த கட்டை என்பதைப் பத்தடி தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது இதுதான்.

பழைய முத்திரைகளைப் புதுக்கட்டையில் பொறிக்காதீர்கள். நீங்கள் ஏமாற்ற நினைக்காவிட்டாலும், உங்களுக்குப் பின் விற்பவர் நினைக்கலாம். நான் குழல் மறைக்கும் காடிக்குள் என் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் உளியால் வெட்டினேன்.

11. எண்ணெய்

ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் சிறு நார்கள் நிமிரும். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள். மூன்று முறை செய்தால் பிறகு நிமிராது. அடுத்து, கொதிக்கவைத்ததாக விற்கப்படும் ஆளிவிதை எண்ணெய். சில சொட்டு மட்டும், உள்ளங்கையால் சூடு வரும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒரு நாள். நான் பன்னிரண்டு பூச்சு கொடுத்தேன், ஐந்து வாரம் ஆனது. தடிப்பாகப் பூசினால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். காடி, பூட்டுக்குழி, அடித்தகட்டின் கீழ் உள்ள வெட்டுமுனை எல்லாவற்றுக்கும் பூசுங்கள். ஈரம் அங்கிருந்துதான் நுழைகிறது.

எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். ஒற்றையாக விரித்து வெளியே காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போடுங்கள்.

12. சுடுவதற்கு முன், எடுத்து வைக்கும்போது

கட்டை புதிது என்பதால் குழல் புதிதாகிவிடாது. சுடும் எண்ணம் இருந்தால் தகுதியுள்ளவரிடம் குழலையும் முளையையும் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கறுப்பு மருந்துக்குச் செய்த குழலில் புகையில்லா மருந்தை ஒருபோதும் போடாதீர்கள்.

முதல் மழைக்காலமும் முதல் கோடையும் முடிந்ததும் ஒருமுறை கழற்றி, கரி தடவிப் பாருங்கள். மரம் கொஞ்சம் அசைந்திருக்கும். என்னுடையதில் வாலின் இடப்பக்கம் ஒரு புள்ளி இடித்தது. சுரண்டியால் இரண்டு வழி, முடிந்தது.

இனி, பழைய கட்டை கழுத்தருகே ஏன் உதிர்ந்தது என்று சொல்கிறேன். பல ஆண்டுகளாக யாரோ அக்கறையாகக் குழலுக்கு எண்ணெய் ஊற்றி, வாயை மேலே வைத்து மூலையில் சாத்தியிருக்கிறார்கள். எண்ணெய் இறங்கி, பூட்டின் வழியாகக் கழுத்து மரத்துக்குள் ஊறி, அதை மெல்ல மென்மையாக்கியிருக்கிறது. எண்ணெய் போட்டபின் குழலின் வாய் கீழே இருக்கும்படி ஓர் இரவு சாய்த்து வையுங்கள். வாய்க்குக் கீழே ஒரு பழைய துணி. காலையில் அதில் காசளவு கறை இருக்கும்.